1968 மோரிஸ் மைனர்: சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை, ஸ்டியரிங் ஒடித்தால் 'டக்' சத்தம். எதில் தொடங்குவது?

நீலமைனர்:

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா வைத்திருந்த 1968 மோரிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1098 சிசி, நான்கு கதவு. சில வருடங்கள் ஷெட்டிலேயே நின்ற வண்டி. பேட்டரியும் டயரும் மாற்றி ஓட்டத் தொடங்கிவிட்டேன். காட்சிக்கு நிறுத்தி வைக்காமல் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஓட்ட ஆசை.

காலையில் முதல் செல்ஃபிலேயே எடுத்துவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் எடுக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் எடுக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன்னால் இடது பக்கம் 'டக்' என்கிறது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கி, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் வேறு புது இன்ஜின் ஏற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

கிரீஸ்கன்:

தம்பி, இன்ஜின் பேச்சை அப்படியே ஓரமாக வையுங்கள். முதலில் அந்த 'டக்'. அது என்ன என்று தெரியும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இந்த வண்டியில் முன்சக்கரம் திரும்புவது செங்குத்தாக நிற்கும் ஒரு ஸ்விவல் பின்னில். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை உண்டு. ட்ரன்னியன், அதாவது சஸ்பென்ஷன் கையோடு அந்தப் பின்னை இணைக்கும் துண்டு, அந்த மரையில்தான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அந்த ஸ்விவல் பின் ட்ரன்னியனை விட்டுக் கழன்று வந்துவிடும். சக்கரம் அப்படியே உள்பக்கம் மடங்கி, வண்டி மூக்குக் குப்புற உட்காரும். பெரும்பாலும் மெதுவாக, முழு ஒடிப்பில் திரும்பும்போதுதான் இது நடக்கும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது.

சோதிப்பது இப்படி. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், வீட்டில் ஒருவரை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் ஸ்விவல் பின் பக்கம். அடுத்து டயருக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் 'க்ளக்' என்று நகர்ந்தால் மரை போய்விட்டது என்று அர்த்தம்.

கிரீஸ் அடிக்கும் வாய், அதாவது நிப்பிள், ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே உள்ளது சேறும் அண்டர்கோட்டும் (துருப் பிடிக்காமல் அடியில் பூசும் கறுப்புப் பூச்சு) அப்பிக் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் கிரீஸ் அடிக்க வேண்டும். தரையில் பாரத்தோடு நின்றால் மரையின் ஒரு பக்கம் இறுகி இருக்கும், அந்தப் பக்கம் கிரீஸ் போகாது. கறுப்புக் கிரீஸ் வெளியே தள்ளப்பட்டு, பின்னால் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். நான் 1,000 மைலுக்கு, அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிக்கிறேன். மழையில் ஓடினால் அதற்கும் முன்பே. இப்போதைய கார்களில் இந்த வேலையே கிடையாது. அதனால் பட்டறைக்குப் போனால் யாரும் கேட்பதில்லை, வண்டிக்காரர்தான் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிரேக். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள் இல்லை. டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் மூடி தெரியும். அங்கே இருப்பதாலேயே வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை இறங்கும், சிலிண்டர் உள்ளே துரு பிடிக்கும். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான். எங்கே ஒழுகினாலும் பெடல் மொத்தமாகக் கீழே போய்விடும். சில வருடம் நின்ற வண்டி என்கிறீர்கள். ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றி, முழுதும் புது ஃப்ளூயிட் ஊற்றிவிடுங்கள். அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூயிட் போதும்.

சூட்டில் எடுக்காததற்கு உடனே பாகம் வாங்க வேண்டாம். அது எடுக்காமல் அடம்பிடிக்கும் அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து, ஒரு பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். கரன்ட் (தீப்பொறி) வரவில்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால், பிளக்குக்குக் கரன்ட் தரும் காயிலையும் அதோடு வேலை செய்யும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். நல்ல நீலமாக வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். இந்த ஏ-சீரிஸ் இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், நிறுத்தியதும் சூடு மேலே ஏறி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். சாவியைப் போட்டதும் எஸ்யு பம்ப் (மின்சார பெட்ரோல் பம்ப்) சில முறை 'டிக் டிக்' என்று அடித்து அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்டை, அதாவது மின்தொடர்பு முனையை, துடைக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு விளக்கு பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டுவது. டைனமோ (பழைய வகை சார்ஜிங் ஜெனரேட்டர்) வண்டியில் ஐடிலிங்கில் அது மினுங்குவது இயல்பு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் வயர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இந்த வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்த எர்த்தில்தான் முடிகிறது என்பது என் அனுபவம்.

ஆயில் சொட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கிராங்க்கின் (இன்ஜினின் பிரதான சுழல் தண்டு) பின்முனையில் இதற்கு ரப்பர் சீலே இல்லை. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் சுருள் காடி மட்டும்தான். நின்றால் கொஞ்சம் கசியும். அளவுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு 20டபிள்யு-50 மினரல் ஆயில் ஊற்றி ஓட்டுங்கள்.

இன்ஜின் மாற்றாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இது. ஏ-சீரிஸ் இன்ஜின் 1951-ல் வந்து, மினி காரில் 2000-ம் ஆண்டு வரை ஓடியது. உங்கள் வண்டிக்குப் பாகம் கிடைக்காத நாள் இன்னும் வரவில்லை.

துருவேட்டை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஜாக்கி போடுமுன் எங்கே போடுகிறீர்கள் என்று பாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஓடுகிறது. முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளான டார்ஷன் பார்களின் பின்முனை அதில்தான் பூட்டியிருக்கிறது. அது உளுத்திருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண். சிறு சுத்தியால் தட்டுங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துருவும் அதை மறைத்த பட்டிப் பூச்சும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில்லையும் அப்படியே தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் பூசிய இடத்தைத்தான் நான் முதலில் தட்டுவேன்.

பாயிண்ட்16:

டிஸ்ட்ரிபியூட்டரில் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட், கண்டென்சர் தொல்லையே வேண்டாம் என்றால் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடலாமே? நான் போட்டுப் பல வருடம் ஆகிறது, பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: மைனர் கடைசி வரை பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். கிட்டும் அதற்கென்று இருப்பதாக வாங்க வேண்டும். பேட்டரியைப் பழக்கத்தில் நெகட்டிவ் எர்த்தாக மாட்டிவிட்டால் கிட் அங்கேயே போய்விடும்.

கிரீஸ்கன்:

கிட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நடுரோட்டில் செத்தால் அப்படியே நிற்க வேண்டியதுதான். பாயிண்ட் இடைவெளியை ஒரு ஃபீலர் கேஜ் வைத்து 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் வைத்தால் வீடு வந்துவிடலாம். கிட் போடுகிறவர்கள் பழைய பாயிண்ட் தட்டையும் ஒரு நல்ல கண்டென்சரையும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலமைனர்:

எல்லோருக்கும் நன்றி. பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. இடது கீழ் நிப்பிள் அண்டர்கோட்டுக்குள் புதைந்திருந்தது. சுரண்டி எடுத்து கிரீஸ் அடித்தால் ஒரு துளியும் உள்ளே போகவில்லை. நெம்பினால் நன்றாகவே மேலும் கீழும் நகர்கிறது. கிராஸ்மெம்பரைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. சூட்டில் பிளக்கில் கரன்ட் வரவில்லை, கண்டென்சர் மாற்றியதும் எடுக்கிறது. இடது பக்கம் மட்டும் ஸ்விவல் பின் மாற்றினால் போதுமா?

கிரீஸ்கன்:

இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரே கையில் பராமரிப்பு இல்லாமல் கிடந்தவை, வலதும் பின்னாலேயே வரும். ட்ரன்னியன், ரப்பர் புஷ் எல்லாம் சேர்த்து செட்டாக வாங்குங்கள். ஸ்பேனர் அங்குல அளவில்தான். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் போட்டால் முனை மழுங்கிவிடும்.

முக்கியமானது: டார்ஷன் பார் முறுக்கேறி நிற்கும். சஸ்பென்ஷனின் மேல் கையைக் கழற்றுமுன் அதன் கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியால் நன்றாகத் தாங்கல் கொடுத்து, கழற்றியபின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முடிந்ததும் டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) சரிபார்க்க வேண்டும். பழைய ஸ்விவல் பின்னின் மரையைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.