குரங்கின் இன்சுலாவில் மூன்று பகுதியா, பதினைந்தா?

நரம்புப்பித்தன்:
மக்காக் குரங்கின் இன்சுலாவை, அதாவது மூளைப் புறணியில் பக்கவாட்டில் உள்ளே மறைந்திருக்கும் பகுதியைப் பற்றிப் படிக்கிறேன், தலை சுற்றுகிறது. பழைய கட்டுரைகளில் கிரானுலார் (பொடிச் செல்கள் நிறைந்தது), டிஸ்கிரானுலார் (குறைந்தது), அகிரானுலார் (இல்லாதது) என மூன்றோடு கதை முடிகிறது. 2014-இல் வந்த எவ்ரார்ட் குழுவின் கட்டுரையில் 15 பகுதிகள். எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்குவதைப் படமெடுக்கும் ஸ்கேன்) ஆட்களோ முன்-மேல், முன்-கீழ், பின் என்று வேறு மூன்று சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? பேசாமல் மடிப்புகளை வைத்தே எல்லை போட்டுவிடலாமா?

சாயத்தட்டு:
மடிப்பை மறந்துவிடுங்கள். மனித இன்சுலாவில் நடுப்பள்ளம் உண்டு, அதற்கு முன்னால் குட்டை மடிப்புகள், பின்னால் நீண்டவை. மக்காக்கில் அந்த இடம் ஏறக்குறைய வழவழவென்றுதான் இருக்கும், எதைப் பிடித்துக்கொண்டு கோடு போடுவீர்கள்?
மூன்றும் பதினைந்தும் ஒன்றோடொன்று மோதவில்லை. 1982-இல் மெசுலம், மஃப்சன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன மூன்றும் பெரிய வட்டாரங்கள், எவ்ரார்ட் குழு அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மேலும் பிரித்தது. நிஸ்ல் சாயம் (செல்களைத் தெரியவைக்கும் சாயம்) ஏற்றிய மூளைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்து, புறணியின் செல் அடுக்குகளில் 4-ஆம் அடுக்கை மட்டும் பாருங்கள். பின்-மேல் பக்கத்தில் பொடிப்பொடி செல்கள் நெருக்கியடித்துப் பட்டையாகத் தெரியும், அப்புறம் முன்னும் கீழுமாக நகர நகர அந்தப் பட்டை மெலிந்து, மணம் உணரும் புறணியான பிரிஃபார்ம் கார்டெக்ஸை நெருங்கும்போது காணாமலே போய்விடும். இதைப் படிப்படியான சரிவாகப் பார்ப்பதா, கூர்மையான எல்லைகள் கொண்ட கட்டங்களாகப் பார்ப்பதா என்பதுதான் உண்மையான சண்டை. எவ்ரார்ட் கட்டங்கள் என்கிறார், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

வோக்சல்வாசி:
எஃப்எம்ஆர்ஐயில் செல் அடுக்கு தெரியாது, படத்தின் மிகச் சிறிய கனக்கட்டமான வோக்சலே வழக்கமாக 2, 3 மில்லிமீட்டர். அங்கே பிரிப்பது பெரும்பாலும் எந்தப் பகுதி எதோடு சேர்ந்து இயங்குகிறது என்பதை வைத்து. வலி, வெப்பம், உடலின் உள்நிலை பற்றிய செய்திகள் தாலமஸ் என்ற செய்தி கடத்தும் மூளைப் பகுதி வழியாகப் பின் இன்சுலாவுக்கு வருகின்றன, முன்-கீழ்ப் பகுதிக்கு உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலாவோடு நெருக்கம். பயனுள்ள பிரிவுதான், ஆனால் அதைச் செல் வரைபடத்தின் மேல் அப்படியே ஒட்ட வேண்டாம்.

நரம்புப்பித்தன்:
சரி. ஃபான் எகனாமோ நியூரான் (கதிர் வடிவப் பெரிய நரம்புச் செல்) மக்காக்கில் இல்லை என்று ஒரு பழைய நூலில் பார்த்தேனே?

சாயத்தட்டு:
2012-லேயே மக்காக்கின் முன் இன்சுலாவில் காட்டிவிட்டார்கள், அதுவும் எவ்ரார்ட் குழுதான். அகிரானுலார் முழுக்கப் பரவியில்லை, அதற்குள் ஒரு சின்னப் பகுதியில்தான். மூன்றே வட்டாரம் போட்ட படத்தில் அந்த இடத்தைத் தனியாகக் குறிக்கவே முடியாது.