திருத்தத்தின் மீது திருத்தம்: எதை முதலில் வாக்கெடுப்புக்கு விடுவது?

கேள்வி:
எங்கள் சங்கப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்ட பின், ஒருவர் திருத்தம் கொண்டுவர, இன்னொருவர் அத்திருத்தத்துக்கே திருத்தம் கொண்டுவந்தார். தலைவர் மூன்றையும் ஒன்றாக வாக்கெடுப்புக்கு விட்டதால், எது நிறைவேறியது என்றே விளங்கவில்லை. சரியான வரிசை என்ன?

பதில் 1:
கடைசியாக வந்ததை முதலில் தீர்க்க வேண்டும். அமெரிக்கரான ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிநூலின் மரபுப்படி, திருத்தத்தின் மீதான திருத்தம், அடுத்துத் திருத்தம், இறுதியாக ஏற்கப்பட்ட மாற்றங்களோடு கூடிய மூலத் தீர்மானம் என்ற வரிசையில் வாக்கெடுக்க வேண்டும். மூன்றாம் அடுக்குத் திருத்தத்துக்கு இடமில்லை. திருத்தம் நிறைவேறியதாலேயே தீர்மானமும் நிறைவேறிவிட்டதாக அறிவித்துவிடும் தலைவர்களும் உண்டு; அது பிழை.

பதில் 2:
வரிசையோடு இதையும் கவனியுங்கள்: விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குச் செல்ல "வாக்கெடுங்கள்" என்று குரல் எழுப்பினால் மட்டும் போதாது. பேச விரும்புவோரின் உரிமையை அது பறிப்பதால், தனி முன்மொழிவும், பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. வாக்குகள் சமமானால்?

பதில் 1:
பெரும்பான்மை கிடைக்காததால் தீர்மானம் தோற்றதாகும். ஆனால், உங்கள் சங்கத்தின் துணைவிதி வேறுவிதமாகக் கூறினால் அதுவே செல்லும்.