டைரக்ட்-டு அழுத்தினால் பிளான் அழியுமா, அழியாதா?

ஜாலான்காயு: நேற்று இந்த மன்றத்தில் ஒருவர், "விமான ஜிபிஎஸ்ஸில், நேராக ஓரிடத்துக்குப் போகச் சொல்லும் டைரக்ட்-டு பொத்தானை அழுத்தினால், போட்டு வைத்த ஃபிளைட் பிளான் (போகும் வழிப் புள்ளிகளின் வரிசை) அழிந்துவிடும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. கார்மின் 430 என்ற விமான ஜிபிஎஸ் கருவியில் அழியாது. ஆடுகிற செஸ்னா குட்டி விமானத்தில் குமிழைத் திருகித் திருகி, ஒவ்வோர் எழுத்தாக டபிள்யூ, எம், கே, எம் என்று மலாக்கா விமான நிலையத்தின் குறியீட்டைப் போட்டவனுக்குத் தெரியும். பிளானைக் காட்டும் எஃப்பிஎல் பொத்தானை அழுத்துங்கள், சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து வரிசையாக அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தேக்காமணி: அந்த 'ஒருவர்' நான்தான் அண்ணே. பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா? 1995 டிசம்பரில் கொலம்பியாவில் ஒரு போயிங் 757 விமானம் மலையில் மோதி 159 பேர் இறந்தார்களே? இறங்க வேண்டிய காலி நகருக்கு டைரக்ட் கொடுத்ததும் நடுவிலிருந்த துலுவா என்ற வழிப் புள்ளி திரையைவிட்டே போய்விட்டது. போனால் அழிந்தது என்றுதான் அர்த்தம்.

ஜாலான்காயு: அது போயிங்கின் எஃப்எம்சி என்ற வழிகாட்டும் கணினி தம்பி, நான் சொல்வது 430. அதோடு அங்கே விமானம் தப்பான பக்கம் திரும்பியது வேறு கதை. ரோசோ என்ற வானொலி வழிகாட்டி நிலையத்தை நினைத்து 'ஆர்' என்று தட்டினார்கள். கருவி தலைநகர் பொகோட்டா பக்கத்து ரோமியோ என்ற வேறொரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டது. சரி, விஷயத்துக்கு வாருங்கள். பிளானில் இல்லாத இடத்துக்கு டைரக்ட் கொடுத்தாலும் பிளான் உள்ளே இருக்கும். எஃப்பிஎல், வேண்டிய புள்ளி, மெனு, 'ஆக்டிவேட் லெக்' (அந்தத் துண்டு வழியைத் தொடங்கு), என்டர். வழி காட்டும் ஊசி மறுபடி பழைய கோட்டைக் காட்டும். அழியாது.

கோப்பிஓ: ஓட்டியது நிஜ விமானமா அண்ணே, வீட்டுக் கணினி விளையாட்டா?

ஜாலான்காயு: நான் சிலேத்தாரில் பயிற்சி எடுத்தபோது நீங்கள் கட்டாய தேசிய சேவையான என்எஸ்ஸுக்கே போயிருக்க மாட்டீர்கள்.

தேக்காமணி: ஆரம்பித்துவிட்டார். போன மாதம் பரோட்டாவுக்கு எந்தக் கடை என்று பேசியபோதும் இதே வயசுக் கணக்குதான். ஊசி பிளானைக் காட்டவில்லை என்றால், ஓட்டுகிறவனுக்கு அது அழிந்த மாதிரிதான்.

ஜாலான்காயு: 'மாதிரி' வந்துவிட்டது பாருங்கள்! நேற்று 'அழிந்துவிடும்', இன்று 'அழிந்த மாதிரி'. நாளைக்கு என்ன, 'அழியலாம் போலிருக்கிறது'வா? அப்புறம், அந்தக் கடையில் பரோட்டா ரப்பர்தான். அதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தேக்காமணி: மாதிரியெல்லாம் இல்லை. அழியும்.

கோப்பிஓ: 28 நாளுக்கு ஒருமுறை ஜிபிஎஸ்ஸின் டேட்டாபேஸ் மாற்ற வேண்டுமே, அதைப் பற்றி யாராவது...

ஜாலான்காயு: அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே பேச்சு ஒன்றுதான். அழியாது.