பழைய காரவன் டிரெய்லர் பார்க்கப் போன கதைகள்: எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

கம்பத்திலிருந்து:

பழைய காரவன் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி, வாங்கணும்னா மழையில போய்ப் பாருங்க. இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவுல வர்ற மழை, தொடங்கி ஆவணி வரைக்கும் எந்த நாள்னாலும் சரி. எங்க பள்ளத்தாக்குல சாரல் மட்டும்தான் அடிக்கும், குமுளி ஏறிட்டா கொட்டித் தீர்க்கும். தை, மாசியில போனா எல்லா வண்டியும் காஞ்சு கச்சிதமாத்தான் நிக்கும், உள்ள புதுப் பெயின்ட் வாசனை வேற வரும்.

கேரளாவுல 2021-ல காரவன் சுற்றுலாக் கொள்கை அறிவிச்சு, வாகமண்ல காரவன் நிறுத்தித் தங்குற பார்க்கும் வந்ததிலிருந்து எங்க பக்கம் பலருக்கு இந்த ஆசை. என் மச்சினருக்கும்தான். திராட்சைத் தோட்டத்துல ஒண்ணை நிறுத்தி வாடகைக்கு விடலாம்னு கணக்கு. வண்டி பீர்மேடு பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னாடி நின்னுச்சு, எழுபதுகள்ல செஞ்ச பிரிட்டிஷ் வண்டி. புரோக்கர் சேட்டன் குடையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு துளி தண்ணி உள்ள வராதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார். பங்களா வாசல் கூட்டுற அக்கா, நம்ம தமிழ்க்காரங்கதான், எங்க பின்னாடியே உள்ள எட்டிப் பார்த்துட்டு, "ஏண்ணே, அந்த மூலைக்கு வைக்கிற வாளியக் காணோமே, யாரு எடுத்தா?"ன்னாங்க. அப்போ சேட்டன் முகத்தைப் பார்த்திருக்கணும்!

அந்த மூலைக் கட்டில் பலகையைத் தூக்கிட்டு மொபைல் டார்ச் அடிச்சேன். பிளைவுட்ல டீக்கறை மாதிரி வரிவரியாக் கோடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. திருகாணித் தலையிலிருந்து துரு வழிஞ்சு காஞ்சிருக்கு. மேல சுவர்ல அந்த ஓரத்துக்கு மட்டும் புது ஸ்டிக்கர் பேப்பர். கட்டைவிரலால அழுத்தினா அப்படியே உள்ள போகுது.

இந்த வண்டிகளோட சுவர் வெளியே அலுமினியத் தகடு, நடுவுல மரச்சட்டம், உள்பக்கம் மெல்லிசான பிளைவுட். கூரையும் சுவரும் சேர்ற ஓரத்துல ஒரு பட்டை ஓடும், அதுக்கு அடியில தண்ணி நுழையாம இருக்க மாஸ்டிக்னு ஒரு பசை வச்சிருப்பாங்க. வருஷம் ஆக ஆக அது காஞ்சு வெடிக்கும். அங்க நுழையிற தண்ணி சட்டம் வழியா இறங்கி, கொஞ்சம் தள்ளி வேற எங்கேயோ தலைகாட்டும். ஒழுகுற இடம் ஒண்ணு, நனையிற இடம் ஒண்ணு. அதனால "இந்த மூலை ஒண்ணுதானே, சிலிக்கான் அடிச்சாப் போச்சு"ங்கிற பேச்சை ஏத்துக்காதீங்க. ஈரம் பார்க்கிற மீட்டர் கிடைச்சா ஜன்னலுக்குக் கீழ, மூலைகள்ல, கூரையில காத்துப் போற வென்ட்டைச் சுத்தி வச்சுப் பாருங்க. 20 சதவீதம் தாண்டினா பிரிச்சுப் பார்க்கணும், 30 தாண்டினா உள்ள மரம் இத்துப்போயிருக்கும்னு வச்சுக்கலாம்.

தரையைக் குதிகாலால மிதிச்சுக்கிட்டே போங்க. வாசப்படி, சிங்க்குக்கு அடி, சக்கரத்துக்கு மேல வர்ற இடம், இந்த மூணும்தான் முதல்ல போகும். என்னைக் கேட்டா மெக்கானிக்கை விட ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறதுதான் உசிதம். எங்ககூட வந்த ஆசாரி ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடிச்சு, கைப்பிடியால தட்டித் தட்டியே எந்தச் சட்டம் செத்திருக்குன்னு சொல்லிட்டார். கரையான் மண்ணையும் அவர்தான் கண்டுபிடிச்சார், தண்ணி டேங்குக்குப் பின்னாடி. மெக்கானிக்குக்கு அந்தக் கண்ணு கிடையாது, அவர் நேரா சக்கரத்துக்குத்தான் போவார்.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி மரத்தைச் சொல்லிட்டாங்க, நான் காகிதத்தைச் சொல்லுதேன்.

ஆரியங்காவு தாண்டி, புனலூர் போற வழியில ஒரு வீட்டுத் தோட்டத்துல வண்டி நிக்குன்னு தகவல். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஊர் சுத்திட்டு விட்டுட்டுப் போனதாம். வண்டி நெசமாவே அருமை. ஆர்.சி. எங்கேன்னு கேட்டா பழுப்பேறின ஒரு கார்னெட் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டுதாங்க. கார்னெட்டுங்கிறது, இந்த வண்டியைத் திரும்ப எங்க நாட்டுக்கே கொண்டு போயிருவேன்னு சுங்கத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதம். அது விக்கிறதுக்கு உரிமை கொடுக்காது. சுங்க வரி கட்டின ரசீது இல்லாம அந்த வண்டிக்கு இங்க நம்பர் விழாது. வாங்கினா தோட்டத்துல கோழி அடைக்கலாம், ரோட்டுல ஏத்த முடியாது.

இன்னொரு சங்கதி. அந்த வண்டிக்கு வாசல் வலது பக்கம். ரோட்டுக்கு வலது பக்கமா வண்டி ஓட்டுற நாட்டுக்குச் செஞ்சது அப்படித்தான் இருக்கும். நம்ம ரோட்டுல ஓரமா நிறுத்திட்டுக் கதவைத் திறந்தா பிள்ளைங்க லாரி முன்னாடிதான் இறங்கும். பிரிட்டிஷ் வண்டின்னா வாசல் இடது பக்கம், நமக்குத் தோதா இருக்கும்.

கேரளா நம்பர் உள்ள வண்டின்னா வேற வேலை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, இழுக்கிற வண்டியோட ஆர்.சி.யைக் காட்டி ஏமாத்தப் பாப்பாங்க, விடாதீங்க. வரிப் பாக்கி, சலான் எல்லாம் தீர்த்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்கணும், அது 28-ஆம் நம்பர் படிவம். பேர் மாத்த 29-உம் 30-உம். வண்டியைத் தமிழ்நாட்டுல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இங்க நம்பர் மாத்தித்தான் ஆகணும். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அடிச்சட்டத்துல, அதாவது சேசிஸ்ல, குத்தியிருக்கிற நம்பர் மேல வெள்ளைத்தாளை வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்துப் பாருங்க. மலைப்பக்கத்து மழையில நம்பர் குத்தின இடமே உரிஞ்சு போன சேசிஸ் உண்டு. எழுத்து மங்கலா விழுந்தாலோ, பக்கத்துல புது வெல்டிங் தெரிஞ்சாலோ அங்கேயே பேச்சை முடிச்சிருங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்த பிரிண்டைத்தான் முதல்ல கேப்பாங்க.

மார்த்தாண்டத்திலிருந்து:

எங்களுக்கு மழையோட உப்புக்காத்தும் சேர்ந்து கிடக்கு. விழிஞ்ஞம் பக்கம் கடற்கரையில டீக்கடையா ஓடின ஒரு அலுமினிய வண்டியைப் பாக்கப் போனேன். அமெரிக்க மாடல், எப்படி இங்க வந்து சேந்துதுன்னு விக்கிறவருக்கே தெரியல. தூரத்துல நின்னு பாத்தா தகதகன்னு மின்னுது. குனிஞ்சு பாத்தா அலுமினியமும் இரும்புச் சட்டமும் ஒட்டுற இடமெல்லாம் வெள்ளைப் பொடி. ரெண்டு உலோகம் உப்பு ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம் அரிச்சுப் போகும். சேசிஸுக்குப் புதுசா தார் அடிச்சு வச்சிருந்தாங்க. தாரைப் பாத்தாலே எனக்குச் சந்தேகம்தான். ஸ்க்ரூடிரைவரால அங்கங்க குத்தினா நல்ல இரும்பு டங்குன்னு சொல்லும், இது பொருக்குப் பொருக்கா உதிருது.

உள்ள இருக்கிற பிரிட்ஜ், ஏசி எல்லாம் 120 வோல்ட். நம்ம 230-ஐக் குடுத்தா புகைஞ்சிரும். ஒயரிங்கை முழுசாப் பிரிச்சுப் புதுசாப் போடுற செலவையும் விலையில கழிச்சுப் பேசணும். கேஸ்ல ஓடுற பழைய பிரிட்ஜ் பின்னாடி மஞ்சப் பொடி கிடந்தாலோ, அமோனியா நெடி மூக்கைக் குத்தினாலோ அது முடிஞ்ச கதை, சவத்தைக் கழட்டிப் போட்டுட்டுச் சாதா பிரிட்ஜ் வைக்கலாம்.

ஆனா கேஸ் விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கும். எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் இறங்கும், அது வெளிய போகத்தான் அந்த ஓட்டை. நான் பாத்த வண்டியில எலி வருதுன்னு சாக்கைச் சுருட்டி அதுல அடைச்சிருந்தாங்க. டீக்கடை ஓடுன காலம் பூரா அப்படியேதான் இருந்திருக்கு. ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் புதுசா மாத்திட்டு, ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாத்த பிறகுதான் தீக்குச்சியைக் கையில எடுக்கணும்.

தேனியிலிருந்து:

கம்பத்து அண்ணே, பார்த்த வண்டியை எடுத்தீங்களா இல்லையா? எடுத்தா நம்ம ஜீப்புல கட்டியே குமுளி இறக்கிரலாமா?

கம்பத்திலிருந்து:

அந்த வண்டியை விட்டுட்டோம் தம்பி. மச்சினர் அப்புறம் வண்டிப்பெரியாறுல வேற ஒண்ணு எடுத்தார், KL 37 நம்பர், காகிதம் சுத்தம், ஒரு பக்கச் சுவர் மட்டும் பிரிச்சுக் கட்ட வேண்டியிருந்துச்சு.

ஜீப்புல இறக்கலாமான்னு கேட்டீங்கள்ல, வேண்டாம். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு பிரேக் தள்ளுவிசையில பிடிக்கிற ஜாதி. முன் வண்டி வேகம் குறைஞ்சா பின்வண்டி முட்டும், கொக்கித்தண்டு உள்ள அமுங்கும், கம்பி இழுத்து சக்கரத்துல பிரேக் டிரம் பிடிக்கும். லோயர் கேம்ப் வரைக்கும் இறக்கம் முழுக்க அமுங்கியே இருக்கும், டிரம் பழுத்துரும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில கிரீஸ் கெட்டி தட்டி பேரிங்கும் துருப்பிடிச்சிருக்கும். டயர்ல பட்டன் புதுசா இருக்கேன்னு பார்க்காதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் குத்தியிருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2311-ன்னா 2011-ல 23-ஆவது வாரம். மூணே இலக்கம்தான் இருந்தா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர். அதுபோக ஜீப்புல நம்ம ஊர்க் கொக்கி, அந்த வண்டிக்கு இழுக்கிற வண்டியில உள்ள இரும்பு உருண்டை மேல மாட்டுற ஜாதி. உருண்டையிலயும் ஐரோப்பாவுது 50 மில்லிமீட்டர், அமெரிக்காவுது 2 இஞ்ச், அதாவது 50.8. மாத்திப் போட்டா ஒண்ணுல இறுகிக்கும், ஒண்ணுல ஆடும்.

நாங்க லாரியில ஏத்திக் கட்டித்தான் கொண்டு வந்தோம். வாடகை கொஞ்சம் கூடத்தான், அதையும் விலை பேசும்போதே சொல்லிக் குறைச்சுக்குங்க.