21 எம்பி படம், 25 எம்பி வரம்பு: ஏன் திரும்பி வருகிறது?

தூரிகை:
அவசரம். சுவரொட்டி வடிவமைப்பை இன்று மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கோப்பு 21 எம்பி. வரம்பு 25 எம்பி. ஆனாலும் ‘மிகப் பெரியது’ என்று திரும்பி வருகிறது. டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) 300-இலிருந்து 72 ஆக்கினேன், ஒரு கேபிகூடக் குறையவில்லை.

நீலமை:
கோப்பு வகை பிஎன்ஜியா, ஜேபிஜியா? எத்தனை பிக்சல்? அச்சுக்கா, பார்வைக்கா?

மசிக்கறை:
300-இல் கை வைக்காதீர்கள்! அச்சில் எழுத்து உடைந்துவிடும். அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றி அனுப்புங்கள்.

நீலமை:
அச்சுக்கு என்று அவர் சொல்லவே இல்லையே. சிஎம்ஒய்கே ஜேபிஜியில் சில செயலிகள் நிறத்தைக் கெடுத்துக் காட்டும். திரைக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிறமுறைதான்.

தூரிகை:
மன்னிக்கவும். ஏ3, பிஎன்ஜி, 3508×4961. பின்னணியில் புகைப்படம், மேலே சிவப்பு எழுத்து. வாடிக்கையாளர் ஒப்புதலுக்கு மட்டும்.

பழையவன்:
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் வடிவமைக்க வந்துவிடுகிறார்கள். இணைப்பை அனுப்பும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறும். 21 எம்பி 28 ஆகிவிடும். டிபிஐ என்பது அச்சிடும் அளவைச் சொல்லும் குறிப்பு மட்டுமே. ‘ரீசாம்பிள்’ (பிக்சல் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றும் தேர்வு) தேர்வு செய்யாமல் எண்ணை மாற்றினால் பிக்சல் அப்படியே இருக்கும்.

வெண்திரை:
திரைக்கு 72 போதும் என்றுதான் நான் படித்தேன்.

பழையவன்:
அது 1984-இல் வந்த முதல் மக்கின்டோஷ் கணினித் திரையின் கணக்கு. இன்னும் அதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வெண்திரை:
தெரியாததைக் கேட்டால் இப்படியா பேசுவது? வேலை கற்றுக்கொள்பவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

மசிக்கறை:
நான் இன்னும் 300 என்றே சொல்வேன். நாளை இதே கோப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டால்?

நீலமை:
அச்சுக்கு மூலக் கோப்பிலிருந்து தனியாகப் பிடிஎஃப் எடுக்கலாம். தூரிகை, நீளம் அகலம் இரண்டையும் பாதியாக்குங்கள்: 1754×2480. பிக்சல் கால்பங்காகிவிடும். புகைப்படம் இருப்பதால் ஜேபிஜி, தரம் 80. பிறகு படத்தை 100 சதவீத அளவில் திறந்து சிவப்பு எழுத்தின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நிறம் கசிந்தது போலத் தெரிந்தால், ஏற்றுமதி அமைப்பில் ‘சப்சாம்பிளிங்’கை (நிற விவரத்தைக் குறைக்கும் அமைப்பு) 4:4:4 ஆக, அதாவது குறைக்காதபடி, வையுங்கள். ஜேபிஜி நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கும். சிவப்பில் அது அப்பட்டமாகத் தெரியும்.

தூரிகை:
80-இல் ஓரம் கசிந்தது. 4:4:4, தரம் 90 வைத்தேன். 2 எம்பிக்கும் குறைவு. போய்விட்டது. நன்றி.

வெண்திரை:
முழுக்க எழுத்தும் ஒரே நிறப் பின்னணியும் என்றால் பிஎன்ஜியே சிறியதாக வருமா?

நீலமை:
பெரும்பாலும் வரும். ஓரமும் கூர்மையாக இருக்கும்.