பாசிக்குடாவுக்கு வீல்செயார்: பலகையும் ஆளும் தேவை

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட நாலு பேரைப் பாசிக்குடாக் கடலில் இறக்க இருக்கிறோம். கன தூரத்துக்கு ஆழமில்லை, அலையும் குறைவு, சிக்கல் மணல்தான். வீல்செயாரின் சின்ன முன்சில்லு புதைந்து ஆளை முன்னால் கொட்டிவிடும்.

மணலில் போட்டு அதுக்கு மேல வீல்செயாரை உருட்ட 12 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை 2 தேவை. வெட்டித்தான் பாவிப்போம், அதால இரவல் சரிவராது. 8க்கு 4 அடிப் பலகையை நெடுக்கே வெட்டினால் 2 அடி அகலம்தான், சில்லு வெளியே நிற்கும். குறுக்கே வெட்டினால் 4க்கு 4 துண்டு நாலு. பின்னால் கிடக்கிறதை எடுத்து முன்னால் போட்டுப் போட்டுப் போகலாம்.

தூக்க ஆறு பேர் வேணும். கக்கத்தில் பிடித்து இழுக்கிறவங்க வேண்டாம், தோள்மூட்டு போயிடும். உணர்வில்லாத காலுக்கு மணல் சூடோ முருகைக்கல் கீறலோ தெரியாது; பழைய சப்பாத்து 4 சோடி இருந்தாலும் தாங்க. கதிரையோடு கட்டித் தண்ணியில் இறக்கும் யோசனை மட்டும் வேண்டாம், கவிழ்ந்தால் அவிழ்க்க நேரமிருக்காது.

வாழைச்சேனை, கல்குடாப் பக்கம் யாரும் இருக்கீங்களா?