எச்.இ.ஐ.சி. படத்தை குரூப் 4 டிஃப் ஆக்கினால் சைஸ் குறையாமல் ஏறுகிறது – உதவி தேவை

தாள்பூச்சி:
வணக்கம். ஒரு கையெழுத்து நோட்டு, 140 பக்கம். ஐபோனில் படம் எடுத்திருக்கிறேன், எல்லாம் எச்.இ.ஐ.சி. (ஐபோன் சேமிக்கும் பட வடிவம்), 4032 × 3024 பிக்சல். நான் கொடுக்க வேண்டிய இடத்தில் கருப்பு-வெள்ளை டிஃப் (ஒரு படக் கோப்பு வடிவம்), அதுவும் குரூப் 4 என்ற சுருக்க முறையில் மட்டும்தான் வாங்குவார்கள். இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளில் ‘மோனோகுரோம்’ ஆப்ஷன் போட்டு மாற்றினேன். மூலப்படம் 1.4 எம்பி, மாறி வந்தது 2.1 எம்பி! பெரிதாக்கிப் பார்த்தால் தாள் முழுக்க மணலைத் தூவியது போல இருக்கிறது. எங்கே தப்பு?

சும்மாவந்தவன்:
கிரேஸ்கேல் ஜேபெக்காகப் போடுங்கள், சின்னதாகிவிடும்.

தாள்பூச்சி:
அதில் 256 சாயல் இருக்குமே. இவர்கள் கேட்பது பிக்சலுக்கு ஒரே ஒரு பிட்.

பழையஸ்கேனர்:
ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 4032 × 3024 என்றால் சுமார் 1.22 கோடி பிக்சல். ஒன்றுக்கு ஒரு பிட் வீதம், சுருக்கவே இல்லையென்றாலும் 1.5 எம்பிதான். உங்களுக்கு வந்தது 2.1. அதாவது சுருக்கம் திருப்பி அடித்திருக்கிறது.

காரணம் அந்த மோனோகுரோம்தான். சாம்பல் நிறத்தைக் காட்ட அது கருப்பையும் வெள்ளையையும் பொடிப்பொடியாகக் கலந்து தெளிக்கும், டிதரிங் என்பார்கள். குரூப் 4 ஃபேக்ஸுக்காக 1984-ல் வந்த முறை. மேல் வரியோடு ஒப்பிட்டு, நிறம் எங்கே மாறுகிறது என்பதை மட்டும் குறித்து வைக்கும். வெற்றுத்தாளில் மாற்றமே இல்லை என்பதால் இடம் மிச்சம். தெளித்த மணலில் அடிக்கு அடி மாற்றம், பாவம் அது என்ன செய்யும்?

மோனோகுரோமை எடுத்துவிட்டு ‘த்ரெஷோல்ட்’ 55% போடுங்கள். அந்த அளவைவிட வெளிச்சமான பிக்சல் வெள்ளை, மற்றதெல்லாம் கருப்பு ஆகும்.

தாள்பூச்சி:
மணல் போய்விட்டது, நன்றி. ஆனால் என் கை நிழல் விழுந்த ஓரம் முழுக்க மை கொட்டியது போலக் கருப்பு. 40% ஆக்கினால் ஓரம் சரியாகிறது, நடுவில் பென்சில் எழுத்து காணாமல் போகிறது.

பழையஸ்கேனர்:
நிழல் விழுந்த வெள்ளைத்தாள், வெளிச்சத்தில் இருக்கும் பென்சில் கோட்டைவிடக் கருப்பாக இருக்கலாம். பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தால் தேறாது. ‘லேட்’ (லோக்கல் அடாப்டிவ் த்ரெஷோல்ட்) என்றொரு ஆப்ஷன் உண்டு. ஒவ்வொரு பிக்சலையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு மட்டும் ஒப்பிடும். முதலில் கிரேஸ்கேல், பிறகு நெகட்டிவ் (கருப்பு வெள்ளையாக, வெள்ளை கருப்பாக), 50x50 சதுரத்தில் +10% லேட், மறுபடி நெகட்டிவ். கடைசியில் குரூப் 4.

தாள்பூச்சி:
அருமை! ஒரு பக்கம் 96 கேபி. அங்கங்கே தூசி இருந்ததால், பொடிப்புள்ளிகளை அழிக்கும் ‘டெஸ்பெக்கிள்’ சேர்த்தேன். இப்போது வேறு கூத்து: ‘பால்’ எல்லாம் ‘பால’ ஆகிவிட்டது.

மைக்கறை:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மெய்யெழுத்தின் புள்ளியும் தூசியும் அதற்கு ஒன்றுதான். டெஸ்பெக்கிள் வேண்டவே வேண்டாம். லேட்டுக்கு முன்னால் லேசாக ‘பிளர்’ (மங்கலாக்குவது) கொடுங்கள். தூசி வெளிறும், பேனா அழுத்தி வைத்த புள்ளி தாங்கும். 10%-ஐ இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள், கோடு மெலியும்.

சும்மாவந்தவன்:
ஜேபிக் 2 என்ற சுருக்க முறையில் இன்னும் சின்னதாக வருமாமே?

மைக்கறை:
வரும். இழப்பில்லாத முறையில் மட்டும் போடுங்கள். இழப்புள்ள முறை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே அச்சை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். சில நகல் இயந்திரங்கள் இப்படி 6-ஐ 8 ஆக்கியதை 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் வெளிக்கொண்டுவந்தார். நம் எ, ஏ என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். அதோடு இவருக்கு வேண்டியது குரூப் 4, அதை ஏன் மாற்ற வேண்டும்?

தாள்பூச்சி:
பிளர் போட்டதும் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. 139 பக்கம் முடிந்தது, மொத்தம் 15 எம்பிகூட இல்லை. 77-ஆம் பக்கத்தில் மட்டும் தாள் மடிப்பு ஒரு வரியின் மேல் கோடாக விழுகிறது. அதை நாளைக்கு ஜன்னலோரம் வைத்துத் திரும்பப் படம் எடுக்கிறேன்.